மே மாதத்து மாதிரி வகுப்பு

“ஒரே ஒரு நாளைக்குப் பள்ளிக்கூடம் வர்றியா?”

எதிர்ப் பள்ளிக்கூடத்துச் சம்பூர்ணம் டீச்சர் இப்படிக் கேட்டபோது வேம்பு டீ கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தை விட்டு இரண்டு வருஷம் ஆகியிருந்தது. அம்மா எறையூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனபோது, இவளைப் பெரம்பலூரில் தன் தங்கை ரெங்கம்மாளின் டீக்கடையில் விட்டுவிட்டுப் போனாள். ஆறாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையோடு படிப்பு நின்றது. வேம்பு வாய் திறந்து பேசுகிற பெண் இல்லை. ஏதாவது கேட்டால் தலையைத்தான் ஆட்டுவாள். அன்றைக்கோ கழுவின கிளாஸையே மறுபடி கழுவினாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு மே மாதம் அது. ஜூனிலிருந்து கணம், வெட்டு என்று புதுக் கணக்குப் பாடம் வருகிறது என்று சொல்லி, சுற்று வட்டாரத்து ஆசிரியர்களை எல்லாம் கடைக்கு எதிரே இருந்த பள்ளிக்கூடத்தில் பத்து நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டிருந்தார்கள். அந்தப் பத்து நாளை நினைத்தால் வேம்புவுக்கு இன்றைக்கும், பாடத்தை நகலெடுத்த ஸ்டென்சில் மையின் வாசனை மூக்கில் ஏறும். பெரிய பெரிய மீசைக்கார வாத்தியார்கள், பிள்ளைகள் உட்காரும் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து வீட்டுக்கணக்கை எழுதுவார்கள். மணி அடித்ததும் அவிழ்த்துவிட்ட கன்றுபோல் டீக்கடைக்கு ஓடிவருவார்கள்.

“வெற்றுக் கணமாம்! உள்ள ஒண்ணுமே இருக்காதாம், ஆனா அதுக்கு ஒரு பேரு இருக்காம். நம்ம பெரிய சார் தலை மாதிரி,” என்பார் சிறுவாச்சூரிலிருந்து வந்த உத்திராபதி சார்.

“மெதுவாச் சொல்லுங்க, பெரிய சார் பின்னாடியே வராரு,” என்பார் இன்னொருவர். தலைமையாசிரியரை நினைத்துக் கடையே சிரிக்கும்.

மை பிசகி வீணான ஸ்டென்சில் தாள்கள் வடை மடிக்கக் கடைக்கு வந்துவிடும். ரெங்கம்மாள் வடை மடிப்பதற்கு முன்னால் வேம்பு அவற்றைப் படித்துவிடுவாள். பிடித்ததை, மாவு டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த பழைய நோட்டில் எழுதிக்கொள்வாள். இரண்டு கணங்களுக்கும் பொதுவானது எதுவோ அதுதான் வெட்டு என்று ஒரு தாளில் இருந்தது. முதலில் புரியவில்லை. பெஞ்சைத் துடைக்கும்போது இரண்டு ஈரக் கிளாஸ் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. இது டீ குடிக்கிறவங்க, இது வடை தின்கிறவங்க, நடுவில் இருக்கிறவங்க ரெண்டும் வாங்குறவங்க என்று நினைத்துப் பார்த்தாள். சட்டென்று விளங்கிவிட்டது. தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

கடைசி நாளில் திருச்சியிலிருந்து ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருவார், அவர் முன்னால் ஒரு மாதிரி வகுப்பு நடத்திக் காட்ட வேண்டும். அது சம்பூர்ணம் டீச்சர் தலையில் விழுந்தது. பாடம் தயார், படம் தயார். கோடை விடுமுறையில் பிள்ளைகளுக்கு எங்கே போவது? டீச்சர் தெருத்தெருவாக அலைந்து பத்தொன்பது பேரைத் திரட்டினார். இன்னும் ஒருத்தர் வேண்டும். அப்போதுதான் வேம்புவிடம் வந்தார்.

“ஒரு நாளைக்குன்னா கூட்டிட்டுப் போங்க டீச்சர். கிளாஸ நான் கழுவிக்கிறேன்,” என்றாள் ரெங்கம்மாள்.

டீச்சர் வேம்புவைத் தனியே அழைத்துக் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு வருஷம் வராத புள்ளையப் பெரிய சார் சேத்துக்க மாட்டேங்கறாரு. இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொன்னா சேத்துக்குவாரு. நீ ஒரே ஒரு கேள்விக்கு எழுந்து பதில் சொல்லு, போதும். உனக்காக நான் அவர்கிட்ட பேசறேன். சின்னம்மாகிட்டயும் பேசறேன்.”

அன்று ராத்திரி வேம்பு மாவு டின்னுக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து முழுவதும் படித்தாள்.

மறுநாள் காலையில் இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன் டீச்சர் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். “கேள்வி கேட்டா ஒருத்தர் பாக்கியில்லாம கை தூக்கணும். பதில் தெரிஞ்சவங்க வலது கை. தெரியாதவங்க இடது கை. வலது கைய மட்டும்தான் எழுப்புவேன், பயப்படாதீங்க.”

இன்ஸ்பெக்டர் வந்தார். ஆசிரியர்கள் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். எழுதிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு அரைத் தாள் கொடுத்தார்கள். வேம்புதான் எல்லாரையும்விட உயரம், அதனால் கடைசி பெஞ்சு.

முதல் கேள்வி. வேம்புவுக்குத் தெரியும். கை எழுந்தது. இடது கை. அத்தனை வாத்தியார்களும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று நினைத்ததுமே வலது கை மடியைவிட்டு நகர மறுத்துவிட்டது. டீச்சர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். பிறகு வலது கை தூக்கியிருந்த செல்லக்கண்ணுவை எழுப்பினார். இரண்டாவது கேள்விக்கும் அப்படித்தான். மூன்றாவதற்கும் அதேதான். ஒவ்வொரு தடவையும் பதிலைத் தாளில் எழுதிவிட்டு, அடுத்ததற்குக் கட்டாயம் வலது கை என்று வேம்பு தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பாடம் முடிகிற நேரம். இன்ஸ்பெக்டர் எழுந்து நடந்து கடைசி பெஞ்சுக்குப் பின்னால் வந்து நின்றார். “நான் ஒண்ணு கேக்கறேன். ரெண்டு கணத்துக்கும் பொதுவா ஒண்ணுமே இல்லேன்னா, அதோட வெட்டு என்ன?”

இருபது கைகளும் எழுந்தன. அவருக்கு வலது, இடது சங்கதி தெரியாது. கண்ணெதிரே இருந்த கையைத் தொட்டார். “நீ சொல்லும்மா.”

வேம்பு எழுந்தாள். பதில் நாக்கு நுனியில் இருந்தது. உதடு பிரிந்தது. எச்சில் விழுங்க ஒரு நொடி வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

“சார், அந்தப் பொண்ணு புதுசுங்க,” என்று டீச்சர் பதறிக் குறுக்கே வந்தார். தூக்கியிருந்தது இடது கை. பெண் மாட்டிக்கொண்டு விழிக்கிறாள், காப்பாற்ற வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். “நீ உக்காரும்மா. செல்லக்கண்ணு, நீ சொல்லு.”

“வெற்றுக் கணம் சார்!” என்றான் செல்லக்கண்ணு. எல்லாரும் கை தட்டினார்கள்.

வேம்பு உட்கார்ந்தாள். அந்தப் பதிலையும் தாளில் எழுதினாள்.

வகுப்பு கலைந்ததும் டீச்சர் தாள்களை அடுக்கினார். கடைசியாக இருந்த வேம்புவின் தாளில் கண் நின்றது. நான்கு பதிலும் சரி.

“அடிப் பாவிப் பொண்ணே, தெரிஞ்சுகிட்டேவா எடது கையத் தூக்குனே?” டீச்சர் அந்தத் தாளைக் கையில் எடுத்தார். “இரு. இப்பவே போய்ச் சொல்றேன்.”

தாளோடு தாழ்வாரத்துக்கு ஓடினார். அதற்குள் டீ கேட்டு ஆள் வந்துவிட்டது. வேம்பு கடைக்குப் போய் ஆறு கிளாஸ் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.

“பிரமாதம் டீச்சர்!” இன்ஸ்பெக்டர் பேசிக்கொண்டிருந்தார். “ஒரு பிள்ளைகூட பாக்கியில்லாம கை தூக்குச்சு பாருங்க. அரியலூர்ல அடுத்த பயிற்சி. அங்க இதைத்தான் எடுத்துச் சொல்லப் போறேன்.”

பெரிய சாருக்கு முகமெல்லாம் பல்.

“சார், அந்தக் கடைசி பெஞ்சுப் பொண்ணு...”

“பதில் தெரியாம நின்னுச்சே, அதுவா? விடுங்கம்மா. கை தூக்குச்சே, அந்தத் தைரியமே பெருசு.”

டீச்சர் வாயைத் திறந்தார். அவளுக்குப் பதில் தெரியும் என்று சொன்னால், பிறகு ஏன் உட்காரவைத்தீர்கள் என்று கேட்பார். அதற்குப் பதில் சொன்னால் இருபது கைகளின் கதையும் வெளியே வந்துவிடும். பெரிய சார் டீச்சரையே பார்த்துக்கொண்டு நின்றார். விஷயம் புரிந்த உத்திராபதி சார் சுவரோரம் தரையைப் பார்த்தார்.

“என்ன டீச்சர், ஏதோ சொல்ல வந்தீங்களே?”

“ஒண்ணுமில்ல சார்,” என்ற டீச்சர் தாளை நான்காக மடித்தார்.

வேம்பு தூணருகே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். முன்னால் வந்து இன்ஸ்பெக்டருக்கு ஒரு டீ கொடுத்தாள், பெரிய சாருக்கு ஒன்று, மற்றவர்களுக்கும் கொடுத்தாள். கடைசிக் கிளாஸை டீச்சரிடம் நீட்டினாள். மடித்த தாள் இருந்த கையாலேயே டீச்சர் அதை வாங்கினார். மன்னிப்புக் கேட்பதுபோல் வேம்புவின் முகத்தைப் பார்த்தார். வேம்பு காலி ஸ்டாண்டை எடுத்துக்கொண்டு படியிறங்கிக் கடைக்குப் போனாள்.