மோரீன் கேட்ட கேள்வி

அமெரிக்காவின் எடிசனில் இன்னும் விடியவில்லை. அல்போன்சாவின் அடுப்படியில் மட்டும் லெஸ்டரின் முற்பகல் தொடங்கிவிட்டது. புட்டுக்குழலுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் லெஸ்டர் ரேடியோக்காரி மோரீன் பேசிக்கொண்டிருந்தாள். எந்தத் தெருவில் குழாய் உடைப்பு, எந்தச் சர்ச்சில் கேக் விற்பனை என்று அந்த இங்கிலாந்து ஊரின் சங்கதியெல்லாம் நியூஜெர்சியில் புட்டு அவிக்கிறவளுக்கு அத்துப்படி. "இங்க ஓக் ட்ரீ ரோட்டுல டிராபிக்னா ஒனக்குத் தெரியாது. விட்டுட்டு வந்த ஊர்ல குழி எங்கன்னு மட்டும் கரெக்டா சொல்லுவ," என்று கணவன் ஐசக் தினமும் சீண்டுவான். அவளும் தினமும் அதைக் காதில் வாங்கமாட்டாள்.

இன்று அவன் சீண்டவில்லை. இன்றோடு மோரீனின் நிகழ்ச்சி முடிகிறது. நாலு மாவட்டத்துக்கும் சேர்த்து ஒரே நிகழ்ச்சி போதும் என்று இந்த வருஷம் ரேடியோக்காரர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். அதில் மோரீனுக்கு இடமில்லை. அவள் போவதற்குள் ஒரு நன்றி சொல்லிவிட வேண்டும் என்று ஒரு வாரமாக அல்போன்சா போன் போட்டுப் பார்க்கிறாள். லைன் கிடைத்தால்தானே!

கல்யாணமான புதிதில் லெஸ்டரில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு நைட் டூட்டி. வீடு திரும்பும்போது ஐசக் வேலைக்குப் போயிருப்பான். நாகர்கோவிலில் அம்மா இறந்துபோய், லீவு கிடைக்காமல், அடக்கத்தைப் போனில் பார்த்த வாரம் அது. ரேடியோவில் ஒருத்தி, "யூ ஆல் ரைட், மி டக்?" என்றாள். அந்த ஊரில் அது சும்மா வணக்கம் மாதிரி. யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. அல்போன்சா அதைக் கேள்வி என்றே எடுத்துக்கொண்டாள். நம்பரைச் சுழற்றி, "நோ. ஐ ஆம் நாட் ஆல் ரைட்," என்று விம்மிவிட்டாள். மோரீன் போனை வைக்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகப் பாட்டைப் போட்டுவிட்டு, அந்த நேரமெல்லாம் இவளோடு பேசினாள். அம்மா மீன்குழம்பு எப்படி வைப்பாள் என்றுகூடக் கேட்டாள்.

தெரியவந்தபோது ஐசக்குக்கு உள்ளூர வலித்தது. "எங்கிட்ட சொல்லாதத ரேடியோல போய் சொல்லிருக்க. அதுவும் எம் பொண்டாட்டிய வாத்துன்னு கூப்பிடுறவ கிட்ட!"

"வாத்து இல்லங்க. நாம மக்கான்னு சொல்லுவோம்லா, அந்த மாதிரி."

இப்போது அவன் நியூயார்க் ரயிலுக்காக ஷூ மாட்டியபடி அவளையே பார்த்தான். ரேடியோ லைன் மறுபடியும் எங்கேஜ்டு. ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் போனை எடுத்தான்.

"நீ அதுல அடி. நான் இதுல அடிக்கேன்."

"உங்களுக்கு டிரெயின்?"

"அடுத்தது இருக்கு. டயல் பண்ணுட்டி."

ஒரு ரயில் போயிற்று. பிறகு இன்னொன்றும் போயிற்று. புட்டு ஆறி, நிகழ்ச்சி முடியப்போகிற வேளையில் அவன் போனில் லைன் கிடைத்தது. கைக்குழந்தையை நீட்டுவதுபோல இரண்டு கையாலும் நீட்டினான். ஓடிக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தான்.

"யூ ஆல் ரைட், மி டக்?"

ஒரு வாரம் மனப்பாடம் செய்ததெல்லாம் பறந்துவிட்டது. "ஐ ஆம் ஆல் ரைட், மோரீன். ஆர் யூ?"

அந்தப் பக்கம் பேச்சே இல்லை. இத்தனை வருஷத்தில் மோரீன் வாயடைத்து அவள் கேட்டதேயில்லை. பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம். "நோ, டக். நாட் டுடே."

"இட்ஸ் ஓகே," என்றாள் அல்போன்சா. "ஐ ஆம் ஹியர்."

சற்று நேரத்தில் இணைப்பு போய்விட்டது. "ஐயோ, தேங்க்ஸ் சொல்லவே இல்லையே," என்று அவள் அழத் தொடங்கினாள்.

"ஸ்ஸ்," என்று ஐசக் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான். இன்டர்நெட்டில் வரும் ரேடியோ எப்போதும் கொஞ்சம் பின்தங்கித்தான் வரும். அவள் கேட்டது இப்போதுதான் கடல் தாண்டி அடுப்படிக்கு வந்து சேர்ந்தது. ஆர் யூ? அவளுடைய குரல்தான், கொஞ்சம் சன்னமாக. அதன்பின் அந்த மௌனம். ஐசக் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். இருவரும் அசையாமல் நின்று அதைக் கேட்டார்கள்.