வரிசையில் ஓரிடம்

கீழ்வானம் வெளுக்கத் தொடங்கிய வேளையில், ஜமைக்காத் தீவின் நடுமலைகளுக்கிடையே பள்ளத்தாக்கை நிரப்பிக் கிடந்த மூடுபனி, காய்ச்சிய பாலின்மேல் படர்ந்த ஆடையெனச் சுருங்கிச் சுருங்கி விலக, செம்மண் சரிவுகளும், இஞ்சிப் பாத்திகளும், அகன்ற இலை விரித்த சீமைப்பலா மரங்களும், குன்றின் முடியில் வெண்சுண்ணம் பூசி நின்ற கோயிலும் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன. கோயிலின் பின்னே மதில் சூழ்ந்த கல்லறைத் தோட்டம். அங்கே நிமிர்ந்து நிற்கும் கல் ஒன்றுமில்லை. எல்லாம் படுத்த கற்கள், எல்லாம் ஒரே அளவின. இடப்புறம் ஆண்கள், வலப்புறம் பெண்கள். கணவன் மனைவி என்றோ தாய் மகன் என்றோ சேர்த்துப் புதைக்கும் வழக்கம் மொரேவியக் கிறித்தவத் திருச்சபையாருக்கு இல்லை. இறந்த நாளின் முறைப்படி, முன்னவர்க்கு அருகே பின்னவர் கிடப்பர், அவ்வளவே.

அத்திருச்சபையை நாற்பத்தோராண்டு மேய்த்த ஆயர் ஒபதியா பரெல் முந்தைய நாள் நண்பகலில் உயிர்நீத்தார். பெருஞ்சூறை பள்ளிக் கூரையைப் பெயர்த்தெறிந்த ஆண்டில், தம் வீட்டுக் கூரையைப் பிரித்துப் பள்ளிக்கு வேய்ந்துவிட்டு, ஈரக்கித்தானின் கீழ் மூன்று திங்கள் குடியிருந்தவர். கோவேறு கழுதைமீதேறி எட்டுக்கல் தொலைவு சென்று, இறக்கும் கிழவியொருத்திக்கு அவள் கேட்ட பாடலின் ஐந்து சரணங்களையும் பாடிவிட்டுத் திரும்பியவர். தமக்கென்று எதையும் கேளாதவர். கேட்டவர்க்கும் முறை மீறி எதையும் கொடாதவர்.

அவர் மனைவி ஐயோனி அடுக்களை வாயிலில் அமர்ந்திருந்தாள். கரியடுப்பில் இட்ட சீமைப்பலாக்காய் ஒருபுறம் கருகி மணம் பரப்பியும் அவள் அதைத் திருப்பவில்லை. குளிர்நீரில் நெடுநேரம் கிடந்த கை தன் விரல்களைத் தானே உணராததுபோல், அவள் நெஞ்சு தன்னையே உணராதிருந்தது. அழவேண்டும் என்று அறிந்திருந்தாள்; அழுகைதான் வரவில்லை.

முற்றத்தில் மூப்பர் செப்டிமஸ் தொப்பியைக் கையிற் பிடித்து நின்றார்.

"அம்மா, சபையில எல்லாரும் பேசி முடிச்சிட்டோம். கோயில் வாசல்லயே, ஆள் உயரத்துக்குச் சலவைக்கல் வச்சுக் கட்டிடலாம். நம்ம ஐயாவைப் போயி அந்தக் குடிகாரன் பக்கத்துல படுக்க வைக்க மனசு வருமா? நீங்க தலையாட்டினாப் போதும்."

குடிகாரன் என்று அவர் சொன்னது லின்வலை. ஆண்களின் வரிசையில் இறுதியாகக் கிடந்தவன் அவனே. புதைத்து எட்டு வாரம் ஆகியிருந்தது. மூவாண்டுகளுக்கு முன், சாராயம் மிகுந்த தலையோடு சந்தை வண்டியை ஓட்டிச் சென்று மலைவளைவில் கவிழ்த்தவன். அவ்வண்டியில் ஆரஞ்சுப் பெட்டிகளின்மேல் அமர்ந்திருந்த கார்லைல், ஆயர்க்கும் ஐயோனிக்கும் ஒரே மகன், பத்தொன்பது அகவையன், அவ்விடத்திலேயே மாண்டான். சிறை சென்று மீண்டு, ஈரல் கெட்டு இறந்த லின்வலை மதிலுக்குள் அடக்கியவரும் அந்த ஆயரே.

குழி தோண்டும் லூதர் மண்வெட்டிமேல் சாய்ந்தபடி சொன்னான்: "வாசல் வேணாம்னா, நடுவுல ஒரு ஆள் இடம் விட்டுத் தோண்டிடறேன். அடுத்துப் போறவங்க அதுல வந்துக்கட்டும்."

தொண்ணூற்றொன்றைக் கடந்த ஜபேஸ் கிழவர் வேலியோரத்திலிருந்து கைதூக்கினார். "அந்த இடத்தை எனக்குக் குடுங்கப்பா. ரெண்டு நாள் பொறுத்தீங்கன்னா நானே வந்து நடுவுல படுத்துக்கறேன்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னீரு, தாத்தா. நான் மண்வெட்டியோட வந்து நின்னா, நீரு எனக்குக் கஞ்சியக் குடுத்துட்டு டாமினோ ஆடப் போயிட்டீரு."

"ஆட்டம் ஜெயிச்சேன்ல. அப்படியே விட்டுட்டா போக முடியும்?"

சிலர் சிரித்து, சிரித்ததற்கு நாணி, அவளை நோக்கினர். அச்சிரிப்பு மலைக்கு அப்பால் எவரோ சிரித்ததுபோல் ஐயோனியின் செவியில் விழுந்தது.

"பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று எழுந்து, தோட்டத்துக்கு நடந்தாள்.

லின்வலின் மண்மேட்டருகே அவன் தாய், எட்டா என்பவள், களை பிடுங்கிக்கொண்டிருந்தாள். ஐயோனியைக் கண்டதும் மண்படிந்த கையைப் பாவாடையில் துடைத்து எழுந்தாள்.

"கேள்விப்பட்டேம்மா. ஐயாவை வேற எடத்துல வைக்கப் போறாங்களாமே. வைங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன். என் புள்ளைய மதிலுக்கு உள்ளாற வச்சாரே, எனக்கு அதுவே போதும்."

ஐயோனிக்கு அந்தத் தாய்மேல் சினமும் எழவில்லை, இரக்கமும் எழவில்லை. வரிசையின் நடுவே இருந்த மகனின் கல்லையே நோக்கி நின்றாள். அதைப் பதித்த நாளில், இதே இடத்தில், கணவரின் மேலங்கியைப் பற்றிக்கொண்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டிருந்தாள்: தான் இறந்தால் மகனருகே ஓரிடம். அவர் அவள் கையை விலக்காமலே சொன்னார்: "உனக்குக் குடுத்தா, கேக்கத் தெரியாத தாய்க்கு யாரு குடுப்பா, ஐயோனி?" அச்சொல்லை அவள் மன்னிக்கவில்லை. மூவாண்டும் அவருக்கு உணவு பரிமாறினாள், சட்டை தேய்த்துக் கொடுத்தாள், கோயிலில் முன்வரிசையில் அமர்ந்தாள். மன்னிக்க மட்டும் இல்லை. இப்போதோ அம்முறையை வளைக்கும் உரிமை, அவள் கேளாமலே, அவள் கையில் வந்து விழுந்திருந்தது.

நெடுநேரம் நின்று, திரும்பி வந்தாள்.

"வரிசையிலயே வைங்க."

"அம்மா, நீங்க துக்கத்துல பேசுறீங்க" என்றார் செப்டிமஸ்.

"துக்கம் எனக்கு இன்னும் வரல, மூப்பரே. அது வர்றதுக்குள்ள சொல்லிடறேன். என் புள்ள பக்கத்துல எனக்கு ஒரு எடம் கேட்டேன். முடியாதுன்னாரு. இன்னிக்கு அவருக்கு மட்டும் முடியும்னா, அன்னிக்கு எனக்கு ஏன் முடியாமப் போச்சு?"

மூப்பர் தம் தொப்பியைக் குனிந்து நோக்கினார். ஜபேஸ் கிழவர்கூட வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லூதர், லின்வலுக்குப் பக்கத்துல தோண்டு. எல்லாருக்கும் விடுற இடைவெளிதான். ஒரு கை அகலம்கூட அதிகமா விடாத."

அன்று பிற்பகல் ஊதுகொம்புகள் முழங்க, செம்மண் ஈரமாய்ப் பிளந்திருக்க, ஆயர் தம் மகனைக் கொன்றவனருகே இறக்கப்பட்டார். எட்டா மதிலோரம் நின்று வாய்விட்டு அழுதாள். ஐயோனி அவளருகே சென்று நின்றாள், தொடவுமில்லை, விலகவுமில்லை. பாடல் முடியுமட்டும் இருவரும் அவ்வாறே நின்றனர். ஐயோனிக்கு அன்றும் கண்ணீர் வரவில்லை. பின்னர் வந்ததோ என்பதை அவ்வூரார் எவரும் அறியார்.

ஆண்டுகள் பல உருண்டன. வரிசையும் நீண்டது; செப்டிமஸும் தம் முறை வந்தபோது அதிலேயே இடம்பெற்றார். ஆயரின் பெயர் கேட்டுத் தொலைவிலிருந்து வருவோர், உயர்ந்த கல்லொன்றை எதிர்பார்த்துத் தோட்டமெங்கும் விழியோட்டி, காணாது மயங்குவர். அவர்க்கு வேறு வழியில்லை. வரிசையின் தலைப்பிலிருந்து தொடங்கி, புல்லை விலக்கி, முதுகு வளைத்து, கூலியாளென்றும் கொல்லனென்றும் குடியனென்றும் ஊர் மறந்துபோன ஒவ்வொருவர் பெயரையும் படித்துக்கொண்டே வரவேண்டும். லின்வலின் பெயரைக் குனிந்து படித்த பின்னரே, அந்த நல்லாரின் பெயர் அவர்தம் கண்ணுக்குத் தென்படும்.