நாலாவது அட்டவணை

நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று முதலில் தோன்றிய நிமிடத்துக்கும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நிமிடத்துக்கும் நடுவில் மனிதர்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரத் துறையில் ஆறு வருடம் அதையே செய்தாள். மாரடைப்பு வந்து பிழைத்த நானூற்றுப் பன்னிரண்டு பேரையும் அவர்கள் வீட்டு ஆட்களையும் உட்கார வைத்து, "அப்போ மணி என்ன? உடனே என்ன பண்ணீங்க? அதுக்கப்புறம்?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். ஒருவர் போய்க் குளித்திருந்தார். இன்னொருவர் செடிகளுக்குத் தண்ணீர் விட்டிருந்தார். ஒரு பெண்மணி, வருகிறவர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று சமையலறையைத் துடைத்து முடித்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்திருந்தாள்.

அவளுக்கு முனைவர் பட்டம்தான், ஊசி போடத் தெரியாது. அதனால் கணவர் "டாக்டரம்மா" என்று கூப்பிடும்போதெல்லாம் அதில் ஒரு கிண்டல் ஒட்டிக்கொண்டிருக்கும். அவர் லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய் கம்பிவடத்தையும் பிரேக்கையும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. லேசாக ஒரு உராய்வுச் சத்தம் கேட்டால்கூட லிஃப்டை நிறுத்திப் பூட்டிவிட்டு வந்துவிடுவார். ஒன்பதாவது மாடிக்காரர்கள் திட்டினால் திட்டட்டும் என்பார்.

பல்கலைக்கழகம் 'பத்து நிமிடத்தில் ஓர் ஆய்வு' என்று பொதுமக்களுக்காக ஒரு வரிசையை ஆரம்பித்து, அவளையும் பேசக் கேட்டது. நூலகத்தின் கீழ்த்தளத்தில் பழைய நாளிதழ் கட்டுகள் கிடந்த அறைதான் பதிவுக்கூடம். சுவரெல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு. கேமராவைப் பார்த்துப் பேசினால் எல்லோரும் மரக்கட்டை மாதிரி ஆகிவிடுகிறார்கள் என்று, பேசுகிறவருக்கு எதிரே ஆறு நாற்காலி போட்டு ஆட்களை உட்கார வைப்பார்கள். அன்றைக்கு ஆறாவது ஆள் வரவில்லை. அவளைக் கொண்டுவந்து விட்ட கணவரையே பிடித்து உட்கார வைத்துவிட்டார் கத்திரி.

கத்திரி என்பது அங்கே படத்தொகுப்பு செய்கிறவரின் பட்டப்பெயர். ஐம்பது வயது மனிதர். பேராசிரியர்களின் "வந்து", "அதாவது", இருமல், பெருமூச்சு எல்லாவற்றையும் நறுக்கித் தள்ளிவிடுவதால் வந்த பெயர்.

முந்தின வாரம் உரையைச் சரிபார்த்தபோது வரிசையின் பொறுப்பாளர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார். "ஒரு பேச்சுக்கு ஒரு விஷயம் போதும் மேடம். அறிகுறியைத் தெரிஞ்சுக்கோங்கன்னு முடிச்சிடலாம். இந்த நாலாவது அட்டவணை பொதுஜனத்துக்குக் குழப்பும்." அவளுக்கும் அது சரியென்றே பட்டது. தானே பேனாவை எடுத்து அந்தப் பத்தியை அடித்தாள்.

பேச்சு நன்றாக வந்தது. மூன்றாவது நிமிடத்தில் அவள் சொன்னாள்: "எங்க வீட்டுக்காரரே அப்படித்தான். என்ன வலின்னாலும் வாயுத் தொல்லைம்பார். அவரைத் திருத்தறதுக்காகவே இந்த ஆய்வைப் பண்ணேன்னு வச்சுக்கோங்களேன்." ஆறு பேரும் சிரித்தார்கள். கணவரின் சிரிப்பு எல்லோரையும் விடப் பெரிதாக, கொஞ்சம் தாமதமாகக் கேட்டது.

இரண்டு வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பேசப் பேசத் திரையின் அடியில் ஓடும் எழுத்துவரிகளைச் சரிபார்க்கச் சொல்லி கத்திரி அனுப்பியிருந்தார். கணினி தானாகக் கேட்டு எழுதியதில் 'நெஞ்சு வலி' எல்லா இடத்திலும் 'நெஞ்சு வழி' என்று விழுந்திருந்தது. அவள் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொரு ழகரத்தையும் மாற்றிக்கொண்டிருந்தாள். கணவர் விலாவுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"சாப்பிட்டது சேரலை போலிருக்கு."

"கை வலிக்குதா?"

"இல்லை."

"வேர்க்குதா? தாடை இழுக்கற மாதிரி?"

"உன் பேச்சை நான் தலைகீழா ஒப்பிப்பேன் டாக்டரம்மா. அதுல இருக்கற ஒண்ணும் எனக்கு இல்லை."

"எதுக்கும் ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாமா?"

"ஞாயித்துக்கிழமை அங்க எவன் இருப்பான்? கொஞ்சம் படுத்தா சரியாயிடும்."

பழக்கதோஷத்தில் அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று பத்து. அவர் உள்ளே போனார். அவள் மிச்சமிருந்த ழகரங்களை மாற்றி முடித்து, கோப்பை அனுப்பிவிட்டு, டீ போட்டு எடுத்துக்கொண்டு போனபோது நான்கு முப்பத்தைந்து. அவர் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். தோளைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது.

ஒரு மணி இருபத்தைந்து நிமிடம். அந்த எண் தானாக அவள் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பேரின் சராசரியைவிட அது குறைவு என்பதும் கூடவே வந்தது.

பிறகு செய்ய வேண்டியதை எல்லாம் அவள் செய்தாள், ஆனால் எதிலும் அவள் இல்லை. வந்தவர்களுக்கு நாற்காலி போட்டாள். கேட்ட இடத்தில் கையெழுத்துப் போட்டாள். நாத்தனார் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அழுதுடு அண்ணி, உள்ளயே வச்சுக்காத" என்று சொல்லிவிட்டு அவளுக்கும் சேர்த்து அழுதாள். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போனாள். பதினாறாம் நாள் இவள் வேலைக்குத் திரும்பினாள். சாப்பாட்டில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பல் வலிக்கு மரத்துப்போக ஊசி போட்டால் கன்னம் நம்முடையதே இல்லை போலத் தொங்குமே, அந்த மாதிரி உடம்பு முழுக்க இருந்தது. வகுப்பு எடுத்தாள். தேர்வுத்தாள் திருத்தினாள். பேருந்தில் நிறுத்தத்தைத் தவறவிட்டு, கடைசி நிறுத்தத்தில் இறங்கி, அதே பேருந்தில் திரும்பி வந்தாள்.

ஆறாவது வாரம் கத்திரி போன் செய்தார்.

"மேடம், உங்க பேச்சுல நான் இன்னும் எதையும் வெட்டலை. வெளியிடற தேதி நெருங்குது. அதுல ஒரு இடம்..." என்று இழுத்தார்.

"தெரியும்."

"வெட்டிட்டா வெட்டின இடமே தெரியாது. அந்தச் சிரிப்பையும் எடுத்துடறேன். நீங்க பார்க்கக்கூட வேண்டாம், சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"வந்து பார்க்கறேன்."

மறுநாள் வகுப்பு முடிந்து கீழ்த்தளத்துக்கு இறங்கினாள். கத்திரி அவளுக்குத் தன்னுடைய சுழல் நாற்காலியைக் கொடுத்துவிட்டு ஒரு முக்காலியில் உட்கார்ந்தார். திரையில் ஒரு பெண் கைகளை ஆட்டி ஆட்டிப் பேசினாள். சந்தோஷமாக இருந்தாள். மூன்றாவது நிமிடம் வந்தது. சிரிப்பு கேட்டது. கத்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் விசைப்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாலையில் யாரோ சிரித்துக்கொண்டு போவது போலத்தான் இருந்தது.

பத்தாவது நிமிடத்தில் திரையில் இருந்தவள், "அறிகுறியைத் தெரிஞ்சு வச்சுக்கோங்க. தெரிஞ்சவங்க தப்பிச்சுக்குவாங்க" என்று கைகூப்பினாள்.

"கடைசியைத் திரும்பப் போடுங்க."

போட்டார்.

"இது பொய்," என்றாள் அவள்.

கத்திரிக்குப் புரியவில்லை. "எது மேடம்?"

"கடைசியில சொல்றது. என் ஆய்வுல அப்படி வரலை." கைப்பையிலிருந்து கட்டுரையின் பிரதியை எடுத்து நாலாவது அட்டவணையைக் காட்டினாள். "அறிகுறி தெரியாதவங்க சராசரியா ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம் வீட்டுல இருந்திருக்காங்க. தெரிஞ்சவங்க ஒரு மணி அம்பது. பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்லை. இந்த மூணாவது வரியைப் பாருங்க. கூட இருந்தவங்க அவங்ககிட்ட கேட்காமயே கிளப்பிக் கூட்டிட்டுப் போனது. முப்பத்தஞ்சு நிமிஷம்."

கத்திரி அட்டவணையை வெகுநேரம் பார்த்தார்.

"இதை ஏன் மேடம் பேச்சுல விட்டுட்டீங்க?"

"குழப்பும்னு சொன்னாங்க. சரின்னு நானே அடிச்சுட்டேன்."

பொறுப்பாளர் அறைக்குப் போய் முடிவை மாற்றிப் பதிவு செய்ய வேண்டும் என்றாள். அவர் நாட்காட்டியைத் திருப்பிக்கொண்டே, இந்த நிலைமையில் எதற்குச் சிரமம், ஆறு மாதம் தள்ளி வைக்கலாமே என்று பரிவாகத்தான் சொன்னார். "தப்பான விஷயத்தை வெளியிட வேண்டாம்னு சொல்றேன், அவ்வளவுதான்," என்றாள். குரல் உயரவில்லை. அவர் வியாழக்கிழமை காலையை ஒதுக்கிக் கொடுத்தார்.

அன்றே மகளிடம் போனில் சொன்னாள். மூன்றாவது நிமிடத்தில் இருந்ததையும் மறைக்கவில்லை.

"அப்பாவைப் பத்தின அந்த ஜோக்?"

"அது இருக்கட்டும்னு சொல்லியிருக்கேன்."

"ஏம்மா? செத்துப்போனவரைப் பார்த்து ஊரே சிரிக்கணுமா?"

"அவர் அப்படிச் சொல்றவர்தானே. அதை எடுத்துட்டா நான் அடுத்து சொல்லப்போறது புரியாது."

"ஊருக்கெல்லாம் சொல்றே. நீ பக்கத்து ரூம்லதானே இருந்தே?"

ஆறு வாரமாக மகள் தொண்டையில் வைத்துக்கொண்டிருந்தது அதுதான் என்று அவளுக்குத் தெரியும். வந்துவிட்டதே என்று ஒரு நிம்மதிகூட வரவில்லை.

"ஆமா. இருந்தேன். போலாமான்னு அவரைக் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது."

மகள் போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாதும்மா," என்றாள். "சொல்ல வேண்டியதுதான். சாப்பிட்டியா?" என்று இவள் கேட்டாள்.

வியாழக்கிழமை அவள் கையில் கிடைத்த ஒரு சாம்பல் நிறப் புடவையைக் கட்டிக்கொண்டு போனாள். கத்திரி தயங்கினார். "அன்னைக்கு நீலம் கட்டியிருந்தீங்க. அதையே கட்டினா ஒட்டு தெரியாது."

"தெரியட்டும். வேற ஒரு நாள்னு தெரியட்டும்."

நாற்காலிகளில் இந்த முறை ஆளில்லை. கத்திரி மட்டும் கேமராவுக்குப் பின்னால் நின்றார். அவள் பேசினாள்.

"இதுக்கு முன்னாடி நீங்க பார்த்த பேச்சுல ஒரு தப்பு இருக்கு. அறிகுறி தெரிஞ்சவங்க தப்பிச்சுக்குவாங்கன்னு சொன்னேன். என் ஆய்வுல வந்தது அது இல்லை. தெரிஞ்சவங்களும் தெரியாதவங்க மாதிரியேதான் காத்துக்கிட்டு இருந்திருக்காங்க. சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குப் போனவங்க யார்னா, பக்கத்துல இருந்த ஒருத்தர் சம்மதம் கேட்காமயே முடிவு பண்ணிக் கூட்டிட்டுப் போனவங்க. அதனால இந்தப் பேச்சு வலி வரப்போறவங்களுக்கு இல்லை. பக்கத்துல இருக்கறவங்களுக்கு. போலாமான்னு கேட்காதீங்க. வேண்டாம்னுதான் சொல்வாங்க. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுட்டு அப்புறம் சொல்லுங்க. முன்னாடி பேச்சுல எல்லாருக்கும் கடைசியா ஒருத்தர் சிரிச்சாரே, அவர் என் கணவர். இந்தப் பேச்சு முழுக்க அவருக்கு மனப்பாடம். போன மாசத்துக்கு முந்தின மாசம் அவருக்கு வலி வந்தது. நான் அவரைக் கேட்டேன்."

அவ்வளவுதான். ஒரு நிமிடம் நாற்பது விநாடி. குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. கத்திரி பதிவை நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டார்.

"ரெண்டு இடத்துல நின்னுட்டீங்க மேடம். இந்த ஒரு தடவை அதை அப்படியே விட்டுடட்டுமா?"

"எவ்வளவு நேரம்?"

"ஒண்ணு நாலு விநாடி. இன்னொண்ணு ஏழு."

"வெட்டிடுங்க. ஏழு விநாடி சும்மா இருந்தா அடுத்த வீடியோவுக்குப் போயிடுவாங்க."

கத்திரி தலையாட்டிவிட்டு வெட்டினார்.

அந்த வாரக் கடைசியில் பேச்சு வெளியானது. ஊர் புரண்டுவிடவில்லை. பத்து நாளில் ஆயிரத்துச் சொச்சம் பேர் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் கடைசிவரை பார்க்கவில்லை என்று கணக்கு காட்டியது. ஒருவர் ஒலி குறைவாக இருக்கிறது என்று எழுதினார். ஒருவர் மேடம் ஏன் பாதியில் புடவை மாற்றினார் என்று கேட்டிருந்தார். வேறொரு பல்கலைக்கழகத்துக்காரர் நாலாவது அட்டவணையின் மூலத்தரவு கேட்டார். அனுப்பினாள். மகள் பார்த்துவிட்டு, "பார்த்தேன்மா" என்று மட்டும் செய்தி அனுப்பி, அடுத்த வெள்ளிக்கிழமை வந்து நின்றாள்.

சனிக்கிழமை காலை இருவரும் மேசையில் உட்கார்ந்திருந்தபோது துறை முகவரிக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. முன்பின் தெரியாத ஒரு பெண். கணவருக்குத் தோளும் முதுகும் வலித்ததாம். கேட்காமலே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டாளாம். தெருவே கூடி வேடிக்கை பார்க்க, அவரைத் தூக்கிக்கொண்டு போனார்களாம். எல்லாச் சோதனையும் எடுத்துப் பார்த்துவிட்டு, அலமாரியை நகர்த்தியதில் வந்த தசைப்பிடிப்பு என்று சாயங்காலமே அனுப்பிவிட்டார்களாம். "மானத்தை வாங்கிட்டேன்னு நாலு நாளா என்கிட்ட முகம் குடுத்துப் பேசலை. தட்டைத் தள்ளி வைக்கிறார். கதவை அடிச்சுச் சாத்துறார். நான் செஞ்சது தப்பா மேடம்?"

மகள் சிரித்துவிட்டாள். சிரித்ததற்குப் பயந்து அம்மாவைப் பார்த்தாள்.

அவள் அந்தக் கடிதத்தை இரண்டாவது தடவை படித்தாள். கதவை அடிச்சுச் சாத்துறார் என்ற இடத்தில் நின்றாள். ஏதோ ஒன்று சுருக்கென்று தைத்தது. என்னவென்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பொறாமை. ஒன்பது வாரத்தில் அவளுக்குத் தோன்றிய முதல் உணர்ச்சி, முகம் தெரியாத ஒருத்தியின் மேல் பொறாமை. நல்ல விதமான உணர்ச்சி இல்லைதான். ஆனால் அது தன்னுடையது என்று தெரிந்தது.

"என்னம்மா எழுதப்போறே?"

"சண்டை போட ஆள் இருக்காரேன்னு எழுதலாம்."

"அம்மா!"

"எழுதலை."

அந்தப் பெண்ணுக்கு, நீங்கள் செய்தது சரி, அடுத்த முறையும் அப்படியே செய்யுங்கள் என்று பதில் எழுதினாள். கோபம் எத்தனை நாளில் தணியும் என்பதைப் பற்றித் தன் ஆய்வில் தரவு எதுவும் இல்லை என்றும் ஒரு வரி சேர்த்தாள். அனுப்பிவிட்டுத் திருத்த வேண்டிய தேர்வுத்தாள் கட்டைப் பிரித்தாள். மகள் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, திருத்திய தாள்களின் மதிப்பெண்களைக் கூட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள்.