நாளைக்குத்தான் பதில்

தூங்கப்போகும் முன் அப்பா தினமும் என்னிடம் விருது வாங்கிய படங்களைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார். பதிலை மறுநாள் இரவுதான் சொல்வார். தலைகீழாக நின்று கெஞ்சினாலும் அதற்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டார்.

இன்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து போன் செய்தார். நாளைக் காலையில் அவருக்கு இதயத்தில் இரண்டாவது ஆபரேஷன். முதலாவது போன வருஷம் நல்லபடியாக முடிந்தது.

"சேர்ந்தாப்ல ரெண்டு வருஷம் சிறந்த டைரக்டர் விருது வாங்கினவங்க எத்தனை பேரு?"

"ரொம்பக் கம்மியாத்தான் இருப்பாங்க," என்றேன். சொன்ன பிறகுதான் அவருக்கும் இது இரண்டாவது தடவை என்பது உறைத்தது.

"என்னடி வாயாடி, சத்தத்தையே காணோம்? போன வருஷம் நம்ம படம் ஓடுச்சுல்ல, இந்த வருஷமும் ஓடும். சரி, பதிலை இப்பவே சொல்லிடுறேன், கேட்டுக்கோ."

இத்தனை வருஷத்தில் அவர் ஒருநாளும் இப்படிச் சொன்னதில்லை.

"அய்யோ, சொல்லாதீங்கப்பா! கள்ளாட்டம் ஆடாதீங்க. நாளைக்கு ராத்திரிதான் சொல்லணும்."

"நாளைக்குப் பேச விடுவாங்களோ என்னவோ."

"அப்ப நாளன்னைக்குச் சொல்லுங்க. என்னைக்கானாலும் நீங்கதான் சொல்லணும்."

"உத்தரவு மேடம்," என்று சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

அம்மா அவருடன் இருக்கிறாள். துணைக்கு வந்த சித்தி என் பக்கத்தில் குறட்டை விடுகிறாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் தேடினால் ஒரு நொடியில் பதில் வந்துவிடும். ஆனால் அதை அவர் குரலில்தான் கேட்கவேண்டும். போனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டு, விடிவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறேன்.