காளை மருந்து குடித்தான்

ஜெயக்கொடி கல்லூரி நாட்களில் கபடி ஆடியவள். பாடி வருகிறவளின் கணுக்காலில் அவள் கை விழுந்தால் அதோடு சரி, திரும்பிப் போய்க் கோட்டைத் தொட முடியாது. இப்போது விளாங்குடியில் ஒரு தனியார் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருக்கிறாள். கணவன் தங்கப்பாண்டி சொந்தமாகக் குட்டியானை வண்டி வைத்து, ஆரப்பாளையத்துக் கடைகளுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிறான். ஒரே மகன் காளீஸ்வரன், வீட்டில் காளை. இன்னும் மூன்று வயது முடியவில்லை.

ஆடி மாதம் காளைக்குக் காய்ச்சல் அடித்தது. சாயங்காலம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தபோது கண்கள் மேலே செருகிக்கொண்டன, கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. போன் வந்ததும் தங்கப்பாண்டி சரக்கை இறக்காமலே வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் வலிப்பு நின்று, பையன் அசந்து தூங்கிவிட்டான்.

பரிசோதனை எல்லாம் பார்த்துவிட்டு டாக்டரம்மா ஒரு சிரப் எழுதிக்கொடுத்தார். காலையும் மாலையும் தவறாமல் கொடுக்க வேண்டும், ஒழுங்காக உள்ளே போனால் பெரும்பாலும் இது அடங்கிவிடும், விட்டு விட்டுக் கொடுத்தால் அடங்காது என்றார். ஒரு பாட்டில் மருந்து கொடுப்பதெல்லாம் ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டுதான் ஜெயக்கொடி வீட்டுக்கு வந்தாள்.

முதல் வாரம் அவள் கை ஜெயித்தது. பையனை மடியில் மல்லாக்கப் போட்டு, கால்களைத் தொடைக்கு நடுவில் இடுக்கிக்கொள்வாள். தங்கப்பாண்டி மூக்கைப் பிடிப்பான். வாய் திறந்ததும் ஊற்றிவிடுவாள். அப்புறம் காளை துப்பக் கற்றுக்கொண்டான். சேலை, பாய், சுவர் எங்கும் சிவப்பு மருந்து. அலமாரியைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். ஒருநாள் மருந்து புரையேறி, முகம் கறுத்து, மூச்சு வாங்கத் திணறிப்போனான். முதுகைத் தட்டி மூச்சு வந்த பிறகு இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதன் பிறகு தலை சீவிவிட அவள் கையை நீட்டினாலும் பையன் தோளைக் குறுக்கிக்கொண்டான். தூங்கப் போகும்போது அப்பாவின் பக்கத்தில் சுவரோரமாய்ப் போய்ப் படுத்துக்கொண்டான். மருந்து வீணாகிப் போனதைவிட அதுதான் அவளுக்குத் தாங்க முடியவில்லை.

ஆவணியில் மறுபடி காய்ச்சல் வந்தது, வலிப்பும் வந்தது. உள்ளே போனது எம்புட்டு, வெளியே வந்தது எம்புட்டு என்று டாக்டரம்மாவிடம் அவளால் சொல்ல முடியவில்லை. அவர் கோபப்படவில்லை. படுக்கவைத்து ஊற்றக் கூடாது, மூக்கைப் பிடிக்கவே கூடாது, உட்காரவைத்து ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்து ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும் என்று விளக்கினார். வாயைத் திறக்கவே மாட்டேன் என்கிறானே, அதற்கு என்ன செய்வது என்று ஜெயக்கொடி கேட்டாள். அதற்கு மட்டும் தன்னிடம் மருந்து இல்லை, தன் பிள்ளையிடமே தனக்குப் பலிக்கவில்லை என்று சொல்லிச் சிரித்தார் அவர்.

அந்த வாரம் பள்ளியில் நீளம் தாண்டும் பயிற்சி. முத்துத்தாய் என்ற பெண் மணல் குழியைக் கண்டு பயந்து, ஓடி வந்து ஓடி வந்து நின்றுவிட்டாள். ஜெயக்கொடி தன் விசிலைக் கழற்றி அவளிடம் கொடுத்தாள். நீ எப்போது ஊதுகிறாயோ அப்போது ஓடு, அதுவரை யாரும் உன்னை ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றாள். பயப்படும் பிள்ளைகளிடம் வருடக்கணக்காக அவள் செய்வதுதான் அது. கொஞ்ச நேரம் நின்ற பிறகு முத்துத்தாய் ஊதினாள், ஓடினாள், தாண்டினாள்.

மற்ற பிள்ளைகள் கைதட்டினார்கள். ஜெயக்கொடிக்குக் கைதட்டத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளையையும் அவள் பிடித்துத் தள்ளியதில்லை. வீட்டில் இருக்கும் பிள்ளையைத்தான் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே புது விசில் ஒன்று வாங்கினாள். அன்று சாயங்காலம் தரையில் உட்கார்ந்து, சிரிஞ்சில் அளந்து எடுத்த மருந்தைப் பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டாள். நீ ஊதினால்தான் அம்மா கையை எடுப்பேன் என்று காளையிடம் சொன்னாள். அவன் விசிலைத் தூக்கி எறிந்தான். அவள் நகரவில்லை.

நேரம் போனது. தங்கப்பாண்டிக்குப் பொறுமை தீர்ந்தது.

"இது ஆகுற காரியமா? நான் பிடிச்சுக்கிறேன், நீ ஊத்து."

"வேணாம் மாமா. இனிமே இந்த வீட்டுல பிடிக்கிற வேலையே கெடையாது."

ரசம் ஆறிப்போனது. காளை அவளைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கிட்டே வந்து, முழங்கால் மேல் இருந்த அவள் விரல்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான். அவை அவனைப் பிடிக்கவில்லை. போய் விசிலை எடுத்து வந்து ஊதினான்.

அவள் சிரிஞ்சை எடுத்துக் கன்னத்து ஓரமாக ஒரு துளி விட்டாள். அவன் முகத்தைச் சுளித்தான். அவள் உடனே நிறுத்திவிட்டாள்.

"கசக்குது."

"ஆமாய்யா, கசக்கும். ஆனா நீ சொன்னா அம்மா நிப்பாட்டிருவேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். மறுபடியும் ஊதினான். ஊதி ஊதி, நிறுத்தி நிறுத்தி, மருந்து முழுவதும் உள்ளே போனது. தண்ணீர் குடித்துவிட்டு அவனாகவே வந்து அவள் மடியில் உட்கார்ந்துகொண்டான். ஜெயக்கொடி அப்போதும் அவனை இறுக்கிக் கட்டிக்கொள்ளவில்லை. அவன் தலையில் கன்னத்தை மட்டும் வைத்துக்கொண்டாள்.

எல்லா நாளும் அப்படிப் போய்விடவில்லை. காலை வேளைகள் மோசம். விசிலை ஊதிவிட்டு வாயை இறுக மூடிக்கொண்டு சிரிப்பான். அவள் காத்திருப்பாள், பிரேயர் முடிந்த பிறகு பள்ளிக்குப் போய்ச் சேருவாள். ஆனால் ஒரு வேளையும் தவறவில்லை. போகப் போக, சிரிஞ்சையும் தானே பிடிக்க வேண்டும் என்றான். அவள் அடியில் கையைக் கொடுத்து, பிடிக்கவிட்டாள்.

தீபாவளி கழிந்து, தல்லாகுளத்தில் ஒரு மண்டபத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார்கள். முதல்நாள் வரவேற்பு. மருந்து வேளை வந்தபோதுதான் விசிலை வீட்டிலேயே விட்டு வந்தது தெரிந்தது. மேளச் சத்தம், நாற்காலிகளை இழுக்கிற சத்தம், சுற்றிலும் ஆட்கள். மருந்து பாட்டிலைக் கண்டதும் தங்கப்பாண்டியின் சித்தப்பா பேச்சிமுத்து சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு வந்தார்.

"ரெண்டு பேரு கைகாலப் பிடிங்கப்பா. ஒரு நிமிச வேலை."

"யாரும் அவன் மேல கை வைக்காதீங்க மாமா," என்றாள் ஜெயக்கொடி. "அவனே குடிப்பான்."

நாற்காலி வரிசையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். காளையும் அவர்களைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். மருந்தை அளந்து சிரிஞ்சை உள்ளங்கையில் வைத்து நீட்டிவிட்டு அவள் காத்திருந்தாள். அவன் எடுத்துக்கொண்டான். கன்னத்து ஓரமாக வைத்து மெல்ல அழுத்தினான், நிறுத்தினான், விழுங்கினான், மறுபடி அழுத்தினான். முடிந்ததும் பேச்சிமுத்துவிடம் போய் ஆவென்று வாயைத் திறந்து காட்டினான்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, மடக்கிய கையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"பெரிய ஆளுதாண்டா நீ. யாருடா சொல்லிக் குடுத்தா?"

"நானே," என்றான் காளை.

அதற்கப்புறம் தங்கப்பாண்டி பந்தியில் பரிமாறுகிறவர்வரை பார்த்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். வலிப்பு இனி வராது என்று யாரும் அவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிடவில்லை. அடுத்த மாதம் டாக்டரம்மாவைப் பார்க்க வேண்டும். அது ஜெயக்கொடிக்குத் தெரியும். ஆனாலும் குழாயடியில் சிரிஞ்சைக் கழுவும்போது அவளால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. பக்கத்தில் கை கழுவிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் திரும்பினாள்.

"அந்தா பச்சைச் சட்டை போட்டு நிக்கிறான்ல, எம் மகன். மருந்த அவனே குடிப்பான்."

"இம்புட்டுப் பயலா?" என்று அந்தப் பெண் எட்டிப் பார்த்தாள்.

"மூணு வயசுகூட முடியல," என்றாள் ஜெயக்கொடி.