நூற்று முப்பத்தேழாவது தகடு

புதன்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசித் தகடு உட்கார மறுத்தது.

மொத்தம் நூற்று முப்பத்தேழு அலுமினியத் தகடுகள். லேசரில் வெட்டி, விளிம்புகளை மடித்து, ஒன்றோடொன்று போல்ட் போட்டால் உத்தரமே இல்லாமல் தானாக வளைந்து நிற்கும் கூரை. எந்த இரண்டு தகடும் ஒரே அளவில்லை. ஒவ்வொன்றையும் கணினியில் வரைந்து, வெட்டும் இயந்திரத்துக்கான கோப்பாக மாற்றியது நான். ஏழு மாத வேலை. வெள்ளிக்கிழமை நகரசபைக்காரர்கள் கடலோர ஊரான போர்ட் கெம்ப்ளாவின் நீச்சல்குளத்து வாசலில், இந்தக் கூரைக்கடியில், சாசேஜ் இறைச்சி சுட்டுத் தின்று அதைத் திறந்து வைப்பார்கள்.

மாதக் கடைசியில் என் ஒப்பந்தம் முடிகிறது. கூரை நின்றுவிட்டால் பல்கலைக்கழகத்தில் நிரந்தர வேலை என்று பேராசிரியர் ஹியூகோ ஃபென்விக் வாய் வார்த்தையாகச் சொல்லியிருந்தார். என் அம்மா இரும்பாலை அலுவலகங்களில் தரை துடைக்கிறாள். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். வாய் வார்த்தைக்கு என்ன மதிப்பு என்று சொல்லித்தர எங்களுக்கு யாரும் இல்லை.

ஏணி உச்சியில் நின்று தகட்டை மறுபடி தள்ளினேன். துளைகள் பதினோரு மில்லிமீட்டர் விலகி நின்றன.

கீழேயிருந்து ஹியூகோ கேட்டார். "என்ன பில்லி, நம்பர மாத்தி வெட்டிட்டியா?"

என் பெயர் பில்யானா. மூன்று வருடமாகச் சொல்கிறேன்.

"கோப்பு சரியாத்தான் இருக்கு, ஹியூகோ."

"சரியா இருந்தா தகடு உள்ள போயிருக்குமே!"

சுற்றி நின்ற மாணவர்களில் ஒருவன் சிரித்தான். நான் இறங்கி வந்து தகட்டின் நாலு பக்கத்தையும் அளந்து காட்டினேன். கோப்பில் இருந்த அளவு அப்படியே இருந்தது. ஹியூகோ அளவுகோலைப் பார்க்கவே இல்லை.

"கிரைண்டர எடுத்து ரெண்டு பக்கமும் தேய்ச்சுடு. புதுசா நாலு துளை போடு. அவ்வளவு உயரத்துல யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும். தேய்ச்ச இடத்துல பலம் குறையும். கடல் காத்து வேற."

"அப்ப அறிக்கையில கோப்புப் பிழைன்னு எழுதிடறேன். ஆராய்ச்சியில அதுவும் ஒரு முடிவுதான்."

அதை அவர் கனிவாகச் சொன்னார். கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பல்கலைக்கழகப் பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் டெஸ் அதுவரை சுவரோரம் உட்கார்ந்து இறைச்சி அடைத்த ரொட்டி தின்றுகொண்டிருந்தார்.

"கண்ணு, போல்ட்டையெல்லாம் எப்ப இறுக்கினீங்க?"

"மாட்ட மாட்ட இறுக்கிட்டோம். நேத்து ட்ரோன்ல படம் எடுக்கணும், மூட்டெல்லாம் ஒட்டி அழகா தெரியணும்னு ஹியூகோ சொன்னார்."

"அடப் பாவிகளா." வாயைத் துடைத்துக்கொண்டார். "போல்ட்ட விடத் துளை எவ்வளவு பெருசு?"

"அரை மில்லி."

"அப்ப ஒவ்வொரு தகடும் கால் மில்லி ஒரே பக்கமா நகர்ந்திருக்கும். ஒரு வளைவுல எத்தனை தகடு?"

நாற்பத்து நாலு. நாற்பத்து நாலு கால் பதினொன்று. எனக்கு முகம் சுட்டது.

"கடைசித் தகடு உட்கார்ற வரைக்கும் எதையும் இறுக்கக் கூடாது. கையால திருகிட்டு அப்படியே விட்டுடணும். வரைபடத்துல அதை எழுதலையா?"

எழுதவில்லை. வாஷரின் தடிமன் எழுதியிருந்தேன். எண் பொறித்த முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். இந்த ஒரு வரி இல்லை. கணினித் திரையில் நூற்று முப்பத்தேழும் ஒரே நொடியில் வந்து நிற்கின்றன. அங்கே முதல் தகடு, கடைசித் தகடு என்று எதுவும் கிடையாது.

"அப்ப இது என் தப்பு."

"பாதி உன் தப்பு. பாதி படம் புடிக்க ஆசைப்பட்டவன் தப்பு. பங்கு பிரிக்க நேரமில்ல, ஸ்பேனர எடு."

ஹியூகோ குறுக்கே வந்தார். "எல்லாத்தையும் தளர்த்தினா கூரை தொய்ஞ்சு போகும்."

"முட்டுக்கால் இன்னும் அடியில தாங்கிட்டுதான் இருக்கு," என்றேன்.

"நாளைக்குக் காலைல அதை எடுக்க ஆள் வராங்க."

"அதனாலதான் இன்னிக்கே."

"ஏதாவது ஆச்சுன்னா உன் பேருதான் கெடும், பில்லி."

"ஏற்கெனவே கெடுத்துட்டீங்களே. அறிக்கையிலயாவது பில்யானான்னு முழுசா எழுதுங்க."

டெஸ் இருமுவதுபோல் சிரித்தார். ஹியூகோ காருக்குப் போய்விட்டார்.

தொள்ளாயிரத்துச் சொச்சம் போல்ட். ஆறு மாணவர்களில் நாலு பேர் சாப்பிடப் போய்த் திரும்பவில்லை. வெயிலில் அலுமினியம் தோசைக்கல்லாகக் கொதித்தது. மூன்று மணிக்குக் கூரை ஒரு முனகலோடு அரை அங்குலம் இறங்கியது. டெஸ் ரப்பர் சுத்தியலால் தகடு தகடாகத் தட்டிக்கொண்டே போனார். இடைவெளி ஏழானது, மூன்றானது. கூர்மையான கம்பியைத் துளைக்குள் விட்டு நெம்பினேன். தகடு டொக்கென்று உட்கார்ந்தது.

நாலரைக்கு ஹியூகோ திரும்பி வந்தார். அண்ணாந்து பார்த்தார். கைபேசியில் படம் எடுத்தார்.

"பாத்தியா? நம்ம முறை வேலை செய்யும்னு நான் அப்பவே சொன்னேன்ல?"

"என் வேலை விஷயம்?"

"அதுவா... வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் உட்கார்ந்து பேசலாம். இந்த வருஷம் நிதி கொஞ்சம் இழுபறியா இருக்கு."

இழுபறி.

கருவிப் பெட்டிமேல் மடிக்கணினியைத் திறந்தேன். கூரையோடு நகரசபைக்குக் கட்டுமானப் பதிவும் போக வேண்டும். அதை எழுதி அனுப்புவது என் பொறுப்பு. எழுதினேன்: 'கடைசித் தகடு பொருந்தும்வரை எந்த போல்ட்டையும் இறுக்கக் கூடாது. இந்தக் குறிப்பு வரைபடத்தில் விடுபட்டது, தவறு என்னுடையது. செவ்வாயன்று படம் எடுப்பதற்காக முன்கூட்டியே இறுக்கச் சொன்னவர் ஹியூகோ ஃபென்விக். புதனன்று எல்லாம் தளர்த்தப்பட்டு மறுபடி பொருத்தப்பட்டது.'

என் தோளுக்குப் பின்னால் நின்று அவர் படித்தார். "இவ்வளவு விவரம் அவங்களுக்குத் தேவையா?"

"தேவை. அடுத்த தடவை கட்டறவனுக்குத் தேவை."

"இதை அனுப்பினா, அந்த வேலைக்கு நான் உனக்காகப் பேசறது கஷ்டம்."

"நீங்க இதுவரைக்கும் பேசினதா யாரும் சொல்லலையே."

அனுப்பினேன். அவருடைய கைபேசியும் சிணுங்கியது. நகல் அவருக்கும் போயிருந்தது.

"சண்டை முடிஞ்சுதா?" மேலேயிருந்து டெஸ் கத்தினார். "நடுவுலேர்ந்து ஆரம்பிச்சு வெளிப்பக்கமா இறுக்கணும். தொள்ளாயிரம் இருக்கு, கண்ணு!"

விரல் நுனிகள் கொப்பளித்திருந்தன. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஏறினேன்.