மூடுபனியில் ஒரு ஆமென்

தளபதி லுத்விக் ஸபோல்ஸ்கி பதினேழு வயதில் ருஷ்யச் சக்கரவர்த்தியின் குதிரைப்படையில் சேர்ந்தவர். வேறு எங்கே போய்ச் சேர்வது? போலந்து என்று ஒரு நாடே அப்போது கிடையாது. மூன்று பேரரசுகள் அதைப் பங்கு போட்டு விழுங்கியிருந்தன. ஜப்பானியரோடு சண்டை போட்டார், கர்னல் ஆனார். உலகப்போரில் ஆஸ்திரிய ஈட்டிப்படை ஒன்றைச் சிதறடித்தார். வெட்டுப்பட்டு விழுந்த பையன்கள் "மாதாவே, மாதாவே" என்று போலந்து மொழியில் அழுதபோதுதான் யாரை வெட்டினோம் என்று தெரிந்தது. அதற்கும் ஒரு பதக்கம் கொடுத்தார்கள்.

பிறகு சொந்த நாடு கிடைத்தது, சொந்தப் படையும் கிடைத்தது. 1920 ஆகஸ்டில் போல்ஷெவிக்குகளை எதிர்த்து நின்றபோது அவருக்கு ஒரே ஒரு வேண்டுதல்தான்: இனி என் கையால் நம்மவன் சாகக் கூடாது. அதைக் கடவுள் எந்தக் காதில் வாங்கினாரோ.

படையில் பாஷைதான் பெரிய தலைவலி. பாதிப் பேர் ஆஸ்திரியாவிடம் பயின்றவர்கள், மீதிப் பேர் ருஷ்யாவிடம். போலந்து மொழியில்தான் ஆணை தர வேண்டும் என்று சட்டம் போட்டாயிற்று. ஆனால் தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். குதிரை பாய்கிற அவசரத்தில் எல்லோர் வாயிலும் பழைய எஜமானின் பாஷையே வந்தது, தளபதி உட்பட.

அன்று காலை ஸாமோஷ்ச் நகருக்குக் கிழக்கே கண்ணை மறைக்கும் மூடுபனி. இடப்பக்கமிருந்து, ருஷ்யப் படையில் அவரோடு இருந்த பழைய தோழர் கர்னல் வின்சென்டி தன் படையோடு வந்து சேர வேண்டும். அந்தப் பக்கமே குளம்புச் சத்தம் கேட்டது. கூடவே வரிசை கட்டச் சொல்லி ஓர் அதட்டல், ருஷ்ய மொழியில்.

துணை அதிகாரி கேப்டன் தெயோஃபில் ஆஸ்திரியப் படையில் வளர்ந்தவர். ருஷ்யச் சொல் காதில் விழுந்தாலே அவருக்கு எதிரிதான்.

"போல்ஷெவிக்குங்கதான் ஐயா. உத்தரவு குடுங்க, பாஞ்சிடலாம்."

"வின்சென்டியும் இப்படித்தான்யா கத்துவான்."

"அப்ப எப்படித்தாங்க தெரிஞ்சுக்கறது?"

தெரிந்தால் அவர் ஏன் திருதிருவென்று முழிக்கிறார்? பாய்ந்தால் தோழன் சாகலாம், நின்றால் தன் ஆட்கள் சாகலாம். மண்டை குழம்பிப்போய், தனியாகக் குதிரையை முன்னே விட்டார். யார் படை என்று கேட்டார். பாழாய்ப்போன நாக்கு ருஷ்ய மொழியிலேயே கேட்டது. நம்ம படைதான், நீங்கள் யார் என்று அதே மொழியில் பதில் வந்தது. உலகத்தில் எந்தப் படைதான் தன்னை நம்ம படை என்று சொல்லாது?

அப்போதுதான் போலந்துக் கிராமத்தில் வீடு புகுகிறவன் சொல்லும் வணக்கம் அவர் வாயில் வந்தது.

"இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம்!"

"என்றென்றைக்கும், ஆமென்."

யோசிக்காமல் வந்த பதில்; சுத்தமான போலந்து மொழி. தளபதிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பாயத் தயாராக நீட்டியிருந்த ஈட்டிகளை நிமிர்த்தச் சொன்னார். எதிர்ப்பக்கமும் வாள்கள் உறைக்குள் போகும் ஓசை கேட்டது.

பனி விலகியது. எதிரே தொப்பிக்குத் தொப்பி போல்ஷெவிக்குகளின் சிவப்பு நட்சத்திரம். ஆமென் சொன்ன நரைமீசைக்காரன் தளபதியைவிட அதிகமாகத் திகைத்திருந்தான். தன் வாயே தன்னைக் காட்டிக்கொடுத்ததுபோல உதட்டைத் துடைத்துக்கொண்டான்.

"ஐயா நம்ம ஊர்ப்பக்கத்து ஆளுங்களா?" என்று போலந்து மொழியிலேயே மெல்லக் கேட்டான்.

தளபதி பதில் தேடிக்கொண்டிருந்தார். தெயோஃபில் தேடவில்லை. பாயச் சொல்லி அவர் கத்தியதும் ஈட்டிகள் முன்னே சாய்ந்தன, முதல் ஈட்டி நரைமீசைக்காரன் நெஞ்சில் இறங்கியது. வாளை உருவக்கூட நேரமில்லாமல் அவன் படை சிதறி ஓடியது. வெகுநேரம் கழித்து வழிதப்பிய வின்சென்டி வந்து சேர்ந்து, சண்டை முடிந்துவிட்டதா என்று கேட்டார்.

ஜெபம் சொல்லிப் பகைவனை மடக்கிய தந்திரம் என்று வார்சா முழுக்கப் பேச்சு. பதக்கம் குத்திய பெரிய அதிகாரி, இந்த யோசனை எப்படித் தோன்றியது என்று விருந்தில் எல்லோர் முன்னும் கேட்டார்.

"தந்திரம் எல்லாம் இல்லீங்க," என்றார் தளபதி. "நம்மாளான்னு கேட்டேன். ஆமான்னான்."

மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தளபதிக்குப் புரியவேயில்லை.